கிதாருக்கு ஒரு வகுப்பறை

அன்புள்ள வாசகிக்கு,

மாலை வேளைகளில் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கிதார் சொல்லித்தருவதாக எழுதியிருந்தீர்கள். கிளாசிகல் கிதாரை முறையாகக் கற்றும் மேடையேறாமல் போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘கச்சேரி பண்ண வராதவங்கதான் வாத்தியார் ஆகிறாங்க’ என்று உறவினர் ஒருவர் உங்கள் காதுபடவே சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சு உங்களை எவ்வளவு நோகடித்திருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அதற்கு ஆறுதலாக நாலு வரி எழுதிப்போட எனக்கு மனமில்லை. அந்தப் பேச்சு தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் தவறு என்று சொல்ல எனக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை வேண்டியிருக்கிறது. அவர் பெயர் துரிபியோ சான்டோஸ். பிரேசில் நாட்டுக் கிதார் கலைஞர்.

பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸின் முதல் பிரெலூடை வாசித்துப் பழகுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் துரிபியோவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிராவிட்டாலும் அவருடைய உழைப்பின் பலன் ஏதோ ஒரு வழியில் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவரிடம் போவதற்கு முன், அவர் கையில் எடுத்த கருவிக்கு ரியோ டி ஜெனிரோவில் என்ன மரியாதை இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். லிமா பாரெட்டோ 1911ல் ஒரு நாளிதழில் தொடராக எழுதிய நாவல் ஒன்று உண்டு. கதாநாயகன் பொலிகார்ப்போ குவாரெஸ்மா ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர். அவர் வீடு திரும்பும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம், அவ்வளவு ஒழுங்கு. அந்த மனிதர் கிதார் கற்கத் தொடங்குகிறார் என்று தெரிந்ததும் தெருவே பதறிப்போகிறது. மதிப்பான ஆளுக்கு இந்த ஊர்சுற்றிகளின் சகவாசம் எதற்கு என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அந்த நாவலின் முதல் அத்தியாயமே ஒரு கிதார் பாடத்தைப் பற்றியதுதான். பியானோ இருந்தால் வீட்டுக்குக் கௌரவம். கிதார் தெருமுனைக்கும் மதுக்கடைக்கும் இரவுப் பாட்டுக்கும் உரியது. நகரம் அப்படிப் பிரித்து வைத்திருந்தது.

ஆனால் அந்தத் தெருமுனையில்தான் பெரிய இசை நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ரியோவில் உருவான ஷோரோ என்ற இசை வகையைச் சொல்கிறேன். ஒரு புல்லாங்குழல், கவாக்கின்யோ என்கிற நாலு தந்திச் சின்னக் கருவி, கீழே தாங்கிப் பிடிக்க ஒன்றிரண்டு கிதார்கள். வாசித்தவர்களில் பலர் தபால் இலாகாவிலும் சுங்க இலாகாவிலும் வேலை பார்த்தவர்கள், ராணுவ பேண்டில் இருந்தவர்கள். 1887ல் பிறந்த எய்தோர் வில்லா-லோபோஸ் இந்தக் கூட்டத்தில்தான் கிதாரைக் கற்றார். மகன் டாக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மகனோ ஷோரோ கோஷ்டிகளின் பின்னால் போனார். அதே வட்டத்தில் ஜுவாவ் பெர்னம்புகோ என்று ஒருவர். வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்த இரும்புத் தொழிலாளி, 1883ல் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, இசைக்குறிப்பும் தெரியாது. அவர் மனதிலேயே கட்டி விரலிலேயே வைத்திருந்த பாடல்களை இன்று உலகம் முழுக்கக் கிதார் மாணவர்கள் வாசிக்கிறார்கள். அவை காகிதத்துக்கு வந்தது மற்றவர்கள் கேட்டு எழுதியதால்தான்.

இதைச் சற்று நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கருவிக்குத் திறமைசாலிகள் இருந்தால் மட்டும் போதாது. அந்தத் திறமை அடுத்தவர் கைக்குப் போக ஒரு பாதை வேண்டும். ரியோவின் கிதார் உலகில் திறமைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பாதைதான் இல்லை.

அந்தப் பாதையை முதலில் வெட்டத் தொடங்கியவர் ஒரு வெளிநாட்டுக்காரர். உருகுவேயின் மோன்டெவிடியோவிலிருந்து வந்து பிரேசிலில் தங்கிவிட்ட இசாயாஸ் சாவியோ. அவருடைய முயற்சியால் 1947ல் சாவ் பாவ்லோவின் கன்சர்வேட்டரியில் கிதாருக்கென முறையான வகுப்பு தொடங்கியது. பாடப் புத்தகம், பயிற்சித் தொகுப்பு, தரவரிசை எல்லாம் அவர் கைப்பட உண்டாக்கியது. போசா நோவா உலகின் லூயிஸ் பொன்ஃபா, தோக்கின்யோ முதல் கச்சேரிக் கலைஞர் கார்லோஸ் பார்போசா-லிமா வரை அவருடைய மாணவர்கள். ரியோவில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் அன்டோனியோ ரெபெல்லோ. அந்த ரெபெல்லோவிடம்தான் சிறுவன் துரிபியோ போய்ச் சேர்ந்தான்.

துரிபியோ 1943 மார்ச் 7 அன்று பிரேசிலின் வடக்குக் கடற்கரையில், மரன்யாவ் மாநிலத்தின் தலைநகரான சாவ் லூயிஸில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் ரியோவுக்கு இடம்பெயர்ந்தது. அப்பாவுக்குக் கிதார் மேல் பிரியம் உண்டு. ரெபெல்லோவுக்குப் பிறகு துரிபியோவுக்கு வாய்த்த ஆசிரியர் ஆஸ்கார் காசெரஸ். அவரும் உருகுவேக்காரர். பிற்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் ஜோடியாகவே மேடையேறினார்கள், இரட்டைக் கிதார் இசைத்தட்டுகளும் பதிவு செய்தார்கள். குருவும் சீடனும் ஒரே மேடையில், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும் சமநிலையில் உட்காருவதைவிட ஓர் ஆசிரியருக்குப் பெரிய மகிழ்ச்சி இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

1958ல் துரிபியோவுக்குப் பதினைந்து வயது. ரியோவில் வில்லா-லோபோஸ் நிறுவியிருந்த கன்சர்வேட்டரியில், தன் கிதார் படைப்புகளைப் பற்றி அவரே உரையாற்றினார். அதைக் கேட்கப் போன துரிபியோ, அவர் சொன்னதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு நவம்பரில் வில்லா-லோபோஸ் இறந்துவிட்டார். அந்த உரையில் கேட்டது பின்னால் துரிபியோ எழுதிய புத்தகத்துக்கு ஆதாரமானது. 1975ல் வந்த அந்தப் புத்தகம் வில்லா-லோபோஸும் கிதாரும் என்ற பொருளைப் பற்றியது. ஒரு பள்ளிப் பையன் வகுப்பில் உட்கார்ந்து கேட்டது ஒரு தேசத்தின் இசை ஆவணமாக நிற்கிறது.

வில்லா-லோபோஸின் துணைவி அர்மிந்தா. எல்லோரும் மிந்தின்யா என்று அழைப்பார்கள். உங்கள் பிரெலூடு உட்பட 1940ல் எழுதப்பட்ட ஐந்து பிரெலூடுகளும் அவருக்குத்தான் சமர்ப்பணம். 1960ல் வில்லா-லோபோஸ் அருங்காட்சியகம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பை மிந்தின்யா ஏற்றார். கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், கருவிகள் எல்லாவற்றையும் காத்ததோடு அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அச்சிலும் அலமாரியிலும் கிடக்கும் இசையை யார் வாசிப்பது?

அந்தக் கவலைக்கு நியாயம் இருந்தது. வில்லா-லோபோஸ் 1920களில் கிதாருக்காகப் பன்னிரண்டு பயிற்சிகளை எழுதினார். ஸ்பெயினின் கிதார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவுக்கு அவற்றைச் சமர்ப்பித்தார். அவை பாரிஸின் மாக்ஸ் எஷிக் பதிப்பகம் வழியாக அச்சுக்கு வர 1953 ஆகிவிட்டது. முன்னுரை செகோவியா எழுதியதுதான். ஆனால் செகோவியா அவற்றில் ஒரு சிலவற்றை மட்டுமே மேடையில் வாசித்தார். பன்னிரண்டையும் ஒரே மூச்சில், ஒரு முழுப் படைப்பாக, யாரும் பொதுவில் வைக்கவில்லை.

இந்தப் பயிற்சிகளைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. முதல் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கைக்கு ஒரே ஒரு விரல் வரிசைதான். அது ஆறு தந்திகளிலும் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றையும் இரண்டு முறை வாசிக்கவேண்டும். நடுவில் ஓர் இடம் வரும். இடது கை ஒரே பிடியைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு, கழுத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொரு ஃபிரெட்டாக நழுவி இறங்கும். அந்தப் பிடியில் அகப்படாத திறந்த தந்திகள் மட்டும் அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். பிடி நகர நகர, அசையாத அந்தச் சுரங்களோடு அதன் உறவு மாறுகிறது. ஒருமுறை உரசல், ஒருமுறை இணக்கம், மறுபடி உரசல். பியானோவின் முன்னால் உட்கார்ந்து எழுதியவருக்கு இது தோன்றியிராது. கிதாரின் கழுத்தை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்த கைக்கு மட்டுமே தோன்றும். பன்னிரண்டாம் பயிற்சியில் இது இன்னும் முரட்டுத்தனமாக வருகிறது. முழுப் பிடியே தந்திகளின் மேல் சறுக்கிக்கொண்டு போகும். ஐரோப்பியப் பாடப் புத்தகங்கள் அடக்கிவைக்கச் சொல்லும் அந்தச் சறுக்கல் சத்தத்தையே இவர் இசையாக்கிவிட்டார்.

முதல் பயிற்சியை ஒரு மாணவர் வாசிக்கும்போது அவர் வலது கைக்கு மட்டும் பயிற்சி நடப்பதாக நினைப்பார். ஒன்றிரண்டு மாதம் போனால் காது வேறு விஷயத்தைக் கவனிக்க ஆரம்பிக்கும். ஆறு தந்திகளில் எந்தச் சுரம் பாட்டு, எந்தச் சுரம் அதற்குத் தரை என்று விரல்கள் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது அது பயிற்சி என்பது மறந்துபோகும். கற்றுக்கொடுப்பதற்காக எழுதிய ஒன்றும் கச்சேரிக்காக எழுதிய ஒன்றும் இங்கே ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேடை வேறு, வகுப்பு வேறு என்று பிரிக்கிறவர்களிடம் நான் இந்தப் பன்னிரண்டு பயிற்சிகளைத்தான் காட்டுவேன்.

இந்தப் பன்னிரண்டையும் வாசிக்கும் வேலைக்கு மிந்தின்யா அழைத்தது துரிபியோவை. 1963ல், இருபதாவது வயதில், பன்னிரண்டையும் முழுமையாக அவர் வாசித்தார், இசைத்தட்டாகவும் பதிவு செய்தார். இவை முழுமையாகப் பதிவானது அதுவே முதல் முறை. ஓர் இளைஞன் தன் திறமையைக் காட்டிக்கொள்ள எடுத்த காரியமாக எனக்கு அது தோன்றவில்லை. இப்படி வாசிக்கலாம், இது முழுசாக வாசிக்கத்தக்கது என்று மற்ற கிதார்காரர்களுக்குக் காட்டிய காரியம் அது. அதன் பிறகு வந்தவர்கள் பன்னிரண்டையும் ஒன்றாகப் பார்க்கப் பழகினார்கள். இன்று எந்தப் பெரிய போட்டியிலும், எந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்திலும் அவை இடம்பெறாமல் போவது அரிது.

மேடை வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். 1965ல் பிரெஞ்சு வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் பாரிஸில் நடத்திய சர்வதேசக் கிதார் போட்டியில் துரிபியோ முதல் பரிசு பெற்றார். இங்கிலாந்தின் ஜூலியன் பிரீமிடமும் செகோவியாவிடமும் சிறப்பு வகுப்புகளில் கற்றார். பிறகு ஏறக்குறைய பத்தாண்டுகள் பாரிஸ் வாசம். எராட்டோ நிறுவனத்துக்காக வரிசையாக இசைத்தட்டுகள். பல நாட்டு மேடைகள். உங்கள் உறவினர் கேட்கும் சான்றிதழ்கள் எல்லாம் அவரிடம் இருந்தன.

அந்தப் பாரிஸ் ஆண்டுகளில் அவர் செய்த இரண்டு காரியங்கள்தான் எனக்கு முக்கியம். ஒன்று, அங்கே ஒரு கன்சர்வேட்டரியில் ஆசிரியராக இருந்தார். கச்சேரிகள் குறைந்ததால் போன வேலை இல்லை அது. கச்சேரிகள் நிறைய இருந்த காலத்திலேயே செய்த வேலை. மற்றொன்று, வில்லா-லோபோஸை வெளியிட்ட அதே மாக்ஸ் எஷிக் பதிப்பகத்தில் தன் பெயரிலேயே ஒரு கிதார் இசைக்குறிப்பு வரிசையைத் தொகுத்தார். பிரேசிலின் இசையமைப்பாளர்களிடம் கிதாருக்குப் புதிதாக எழுதச் சொல்லிக் கேட்டார். அவர்களில் பலர் கிதார் வாசிக்கத் தெரியாதவர்கள். எடினோ க்ரீகர் 1974ல் ‘ரித்மாத்தா’ எழுதினார். கிதாரின் கழுத்தைத் தட்டியும் உடலைத் தாளக்கருவியாக்கியும் போகிற படைப்பு. மார்லோஸ் நோப்ரே ‘மொமென்தோஸ்’ வரிசையைத் தொடங்கினார். அல்மெய்தா பிராடோ ஆறு தந்திகளுக்கென்று ஒரு நூலே எழுதினார்.

இதையும் நான் ஆசிரியர் வேலை என்றே கணக்கில் வைக்கிறேன். கிதாரில் ஆறு தந்திகள் எப்படிச் சுருதி கூட்டப்பட்டிருக்கின்றன, நாலு விரல்கள் எவ்வளவு தூரம் விரியும், எது எழுதினால் அழகாக ஒலிக்கும், எது காகிதத்தில் மட்டும் அழகாக இருக்கும் என்று அவர்களுக்கு யாரோ பொறுமையாகச் சொல்லித்தந்திருக்க வேண்டும். மாணவர்கள் வயதில் பெரியவர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வரிசை வராமல் இருந்திருந்தால் பிரேசில் கிதார் இசை என்றால் வில்லா-லோபோஸோடு நின்றுவிடும் என்று உலகம் நினைத்திருக்கும்.

1970களின் நடுவில் அவர் ரியோவுக்குத் திரும்பினார். ஐரோப்பாவில் பெயர் எடுத்தவர் ஊருக்குத் திரும்பி என்ன வாசிப்பார்? பாக்கின் இசையையும் ஸ்பானிய இசையையும் எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் ஷோரோவை எடுத்தார். 1977ல் வந்த ‘ஷோரோஸ் டோ பிரேசில்’ இசைத்தட்டில், பொலிகார்ப்போவின் தெரு முகம் சுளித்த அதே இசையை, கச்சேரிக் கலைஞரின் முழு அக்கறையோடு வாசித்தார். உடன் வாசிக்கத் தெருவின் கலைஞர்களையே அழைத்தார். ஏழு தந்திக் கிதாரில் துணை நின்றது ரஃபாயல் ரபெல்லோ என்ற பதின்வயதுப் பையன். 1962ல் பிறந்து 1995ல் மறைந்துவிட்ட ரபெல்லோ பின்னாளில் பிரேசிலின் தலைசிறந்த கிதார்காரர்களில் ஒருவராக ஆனவர். பாரிஸில் பரிசு வாங்கியவரும் ரியோ ஷோரோ வட்டத்தில் வளர்ந்த பையனும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்தபோது யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அந்த இசைத்தட்டைக் கேட்டால் துரிபியோவின் தாளம் தளர்ந்து மூச்சு விடுவது தெரியும். பாரிஸ் பதிவுகளில் அது இத்தனை இயல்பாக இல்லை என்பது என் காதின் தீர்ப்பு.

பிறகு பல்கலைக்கழகம். ரியோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளி 1848ல் திறந்த கன்சர்வேட்டரியின் வாரிசு. பேரரசர் காலத்து நிறுவனம். பியானோ, வயலின், பாட்டு எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. கிதாருக்குப் பட்டப்படிப்பு கிடைத்தது 1980 வாக்கில்தான். அந்தப் படிப்பை அங்கே உருவாக்கியவர் துரிபியோ. ரியோவின் இன்னொரு பொதுப் பல்கலைக்கழகமான யூனிரியோவிலும் கிதார் படிப்பை அவர்தான் நிறுவினார். பட்டம் கிடைத்தால் கலை வந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். வராது. ஆனால் பட்டம் இருந்தால் சம்பளம் கிடைக்கும். கிதாரைப் படித்த ஒருவர் அரசுப் பள்ளியில், கன்சர்வேட்டரியில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். ‘இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்’ என்று கேட்கும் அப்பாவுக்கு ஒரு மாணவி பதில் சொல்ல முடியும். தன் மாணவர்களை வைத்துக் கிதார்களால் மட்டுமே ஆன ஓர் இசைக்குழுவையும் அவர் அமைத்தார். தனியாக அறைக்குள் உட்கார்ந்து பழகும் இந்தக் கருவியின் மாணவர்களுக்குக் கூட்டாக மூச்சு விடப் பழக்கும் வழி அது. உங்கள் கூடத்துப் பிள்ளைகளில் நாலு பேரைச் சேர்த்து வாசிக்கவைத்துப் பாருங்கள். தனியாகத் தாளம் தவறும் பிள்ளை அங்கே தவறாது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1930களில் வில்லா-லோபோஸ் ரியோவின் பள்ளிகளில் இசைக் கல்விக்குப் பொறுப்பேற்றார். அவர் தேர்ந்தெடுத்த வழி சேர்ந்திசை. கருவி வாங்கப் பணம் வேண்டாம், தொண்டை இருந்தால் போதும். 1940ல் வாஸ்கோ ட காமா விளையாட்டரங்கில் நாற்பதாயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஒன்றாகப் பாடவைத்தார். சர்வாதிகாரி வர்காஸின் ஆட்சி அந்தக் காட்சியைத் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் உண்மை. ஜுவாவ் பெர்னம்புகோவுக்குத் தன் அலுவலகத்திலேயே ஒரு கடைநிலை வேலை போட்டுக்கொடுத்ததும் இந்த வில்லா-லோபோஸ்தான். கிதாரை உயிராக நேசித்த ஒருவரால், ஒரு தேசத்துக்கே இசை கற்பித்தபோதும் கிதாரை வகுப்புக்குள் கொண்டுவர முடியவில்லை. எனக்கு இது எப்போதும் வருத்தமாக இருக்கும்.

அந்தச் சேர்ந்திசை வகுப்புகளும் நிலைக்கவில்லை. 1971ல் ராணுவ ஆட்சிக் காலத்துக் கல்விச் சட்டம் இசையைத் தனிப் பாடமாக இல்லாமல் ‘கலைக் கல்வி’ என்ற பொதுப் பாடத்துக்குள் அடைத்தது. ஓவியம், நாடகம், இசை மூன்றையும் ஒரே ஆசிரியர் பார்த்துக்கொள்ளவேண்டும். பல பள்ளிகளில் இசை அப்படியே கரைந்துபோனது. இசை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று சட்டம் மறுபடி சொன்னது 2008ல். இடையில் முப்பத்தேழு ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் பள்ளியில் இசைக் கருவியைத் தொடாமல் வளர்ந்துவிட அது போதுமான காலம்.

மிந்தின்யா 1985ல் இறந்தார். 1986ல் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பொறுப்பு துரிபியோவிடம் வந்தது. 2010 வரை, இருபத்துநாலு ஆண்டுகள், அவர் அதில் இருந்தார். பொறுப்பேற்ற மறு ஆண்டே வில்லா-லோபோஸின் நூற்றாண்டு. அந்தக் காலத்து 500 குரூசாடோ பணத்தாளில்கூட வில்லா-லோபோஸின் முகம் இருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் விழாவும் சிலையும் உரையுமாகக் காலம் கழிப்பது எளிது. துரிபியோ அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துச் சிறு கச்சேரிகள் நடத்தினார். பிள்ளைகள் உட்காருகிறார்கள், இசைஞர் வாசிக்கிறார், கருவியைக் காட்டுகிறார், வாசித்ததைப் பற்றிப் பேசுகிறார். பள்ளியில் இல்லாமல் போன வகுப்பை அவர் அருங்காட்சியகத்துக்குள் நடத்தினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அருங்காட்சியகம் இருந்தது பொத்தாஃபோகோ பகுதியில், பழைய மாளிகை ஒன்றில். பக்கத்திலேயே மலைச்சரிவில் சாந்தா மார்த்தா என்ற ஏழைக் குடியிருப்பு, அங்கே ஃபவேலா என்பார்கள். 1996ல் மைக்கேல் ஜாக்சன் பாட்டுப் படமெடுத்த அதே குடியிருப்பு. ஒரு மாளிகையும் ஒரு ஃபவேலாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காத நகரம் ரியோ. துரிபியோ அந்த மலைமேல் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்தார். 2000ல் வில்லா-லோபின்யோஸ் என்ற திட்டம் தொடங்கியது. நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து இசை ஆர்வமுள்ள இளம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கருவியும் இசைக் கோட்பாடும் சில ஆண்டுகள் தொடர்ந்து கற்பிக்கும் ஏற்பாடு. ஒரு நாள் பட்டறை, சான்றிதழ், புகைப்படம் என்று முடிந்துபோகிற காரியம் இல்லை. ஒரு பிள்ளையின் வலது கை நிலைப்பட எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பொறுமைக்குப் பணமும் இடமும் ஆளும் ஏற்பாடு செய்வது எவ்வளவு கடினம் என்பதையும் நீங்கள் ஊகிக்க முடியும்.

சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி, துரிபியோவின் முதல் ஆசிரியர் ரெபெல்லோவின் வீட்டிலேயே நடந்தது. அவருடைய பேரன்கள் செர்ஜியோ ஆப்ரேயு, எடுவார்டோ ஆப்ரேயு. தாத்தாவிடமும், பிறகு செகோவியாவின் மாணவியான மோனினா தாவோராவிடமும் கற்றார்கள். 1960களின் பிற்பகுதியில் இந்தச் சகோதரர்களின் இரட்டைக் கிதாரைக் கேட்டவர்கள் அதற்கு இணை சொல்லவில்லை. எடுவார்டோ 1970களின் நடுவிலேயே மேடையை விட்டார். செர்ஜியோ 1980களின் தொடக்கத்தில் விட்டுவிட்டுக் கிதார் செய்யும் தச்சுப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். 2023ல் இறக்கும்வரை அவர் செய்த கிதார்களை வாங்க உலகெங்கும் கலைஞர்கள் காத்திருந்தார்கள். மோனினா தாவோராவோ ரியோவில் கற்பித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு கிதார் ஜோடியான அசாத் சகோதரர்களும் அவர் மாணவர்கள்தான். ஒரே ஊர், ஒரே ஆசிரியர் வரிசை. ஒருவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார், ஒருவர் பட்டறைக்குப் போனார், ஒருவர் வகுப்பறையிலேயே இருந்தார். இவர்களில் யாரையாவது ‘மேடை வராததால் போனவர்’ என்று சொல்ல உங்கள் உறவினருக்கு வாய் வருமா?

துரிபியோ புத்தகங்களும் எழுதினார். 1992ல் வந்த ஒன்று கிதாரின் இரகசியங்களைப் படங்களோடு தொடக்க மாணவருக்குச் சொல்கிறது. இன்னொன்று தன் வாழ்க்கையைப் பற்றியது. அதற்கு ‘பொய்களா, இல்லையா’ என்று அவர் வைத்த தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்ட இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு என்ன கேட்கக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஷோரோ இசைத்தட்டைப் போடுங்கள். பயிற்சிகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் தெருவைக் கேட்டுவிட்டுப் பிறகு பள்ளிக்கு வந்தால் வில்லா-லோபோஸின் சறுக்கல்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளுக்கே புரியும். உங்கள் மூத்த மாணவிக்கு ஜுவாவ் பெர்னம்புகோவின் ‘சோன்ஸ் டி காரில்யோன்ஸ்’ சரியாக இருக்கும். ஆறாவது தந்தியை ஒரு முழுச் சுரம் தளர்த்தி ‘டி’க்குக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். கீழே அந்தத் தந்தி மணிபோல நின்று ஒலிக்கும், மேலே பாட்டு நடக்கும். கட்டைவிரலுக்கு நல்ல வேலை. வேகம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கிறவர்களுக்கு எழுந்து ஆடத் தோன்றும் அளவுக்குத் தாளம் நின்றால் போதும். முதல் பயிற்சியை நீங்களே முதலில் எடுங்கள், மெட்ரோனோமை அறுபதில் வைத்து. பத்து நாள் ஆனபிறகு பிள்ளைகள் முன்னால் வாசித்துக்காட்டுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை, நீங்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பதை அவர்கள் பார்ப்பது நல்லது. ‘ரித்மாத்தா’வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கிதாரைத் தட்டி வாசிக்கலாம் என்று தெரிந்தால் சின்னப் பையன்கள் அப்புறம் வேறு எதையும் வாசிக்கமாட்டார்கள்.

நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் முயற்சி எப்படிப் போகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். யாருக்கு எந்தப் பகுதியைக் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.